சொம்பு ஆடும் ஊர்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பலகை அடித்திருந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள், டம்ளர்கள், ஒரு தூக்குவாளி, கடைசியில் ஆயாவின் பித்தளைச் சொம்பு. சொம்பின் அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதனால் பலகையில் சரியாக உட்காராது. தரை லேசாக அதிர்ந்தாலும் முதலில் சத்தம் போடுவது அதுதான். டக டக டக என்று மூன்று நான்கு தடவை ஆடும், அப்புறம் நின்றுவிடும்.

அந்தச் சத்தம் கேட்டால் ஆயா, அம்மா, பெரியம்மா மூவரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இப்போது தங்கச் சுரங்கத்தில் எந்த ஷிப்ட்? நம் வீட்டில் யார் உள்ளே? பக்கத்து வீட்டில் யார் உள்ளே? அதற்குப் பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

"ஏர்பிளாஸ்ட்டு" என்பாள் ஆயா. பிறகு வந்தவர்கள் ராக் பர்ஸ்ட் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை தன் தலைக்கு மேலே உள்ள மொத்த பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நாம் நடுவிலிருந்து கல்லை எடுக்க எடுக்க, மிச்சம் நிற்கிற பாறைமேல் பாரம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது தாங்காமல் வெடித்துச் சிதறும். மருந்து வைக்க வேண்டியதில்லை, தானாகவே வெடிக்கும். கீழே வெடிப்பது மேலே சின்ன பூகம்பமாகத் தெரியும். சுவர் விரிசல் விடும். எங்கள் லைனில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், விரிசல் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். கர்நாடகத்தில், பெங்களூருக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர். பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கே.ஜி.எஃப். சினிமா வந்த பிறகு எங்கள் ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போன மாதம், கூட வேலை செய்யும் ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள்: "அக்கா, நீங்க சின்ன வயசுல தங்கக்கட்டி எல்லாம் பார்த்திருப்பீங்களே?" இல்லைம்மா என்றேன். எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது கல்லும், தூசியும், சத்தமும்தான். அவளுக்கு அன்றைக்கு லஞ்ச் டைமில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு 1802-ல் உரிகம், மாரிகுப்பம் கிராமங்களுக்கு வந்தார். அவர் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைப் பெயர்த்துக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். மேலே பெண்கள் அதைப் பெரிய கல்லின்மேல் வைத்து இடித்துத் தூளாக்கித் தண்ணீரில் அலசினார்கள். ஊர் வரலாறு சொல்பவர்கள் வாரன் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த இடித்த பெண்கள்மேல்தான் கண். வெள்ளைக்காரக் கம்பெனி வருவதற்கு எண்பது வருஷம் முன்னாலேயே தங்கத்தை எடுக்கத் தெரிந்தவர்கள் மாரிகுப்பத்தில் இருந்திருக்கிறார்கள்.

வாரனின் கட்டுரையை 1871-ல் படித்துவிட்டு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய அயர்லாந்துக்காரர். பெங்களூர் லாவெல் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. தோண்ட அனுமதி வாங்கினாரே தவிர, தோண்டுவதற்கு அவரிடம் பணம் இல்லை. உரிமை கைமாறி, கடைசியில் 1880-ல் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. கொஞ்ச வருஷத்தில் சாம்பியன் ரீஃப் என்று பெயர் வைத்த, பாறைக்குள் ஓடும் அந்தப் பெரிய தங்க ரேகை அகப்பட்டது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று வரிசையாக ஷாஃப்ட், அதாவது செங்குத்தான சுரங்கக் குழிகள், இறங்கின. 1894-ல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் விட்டார்கள்.

அந்த ரயிலுக்குப் பிறகுதான் எங்கள் கொள்ளுத் தாத்தா வந்தார். குடியாத்தம் பக்கம் ஒரு சேரி. கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார். இங்கே வந்த தமிழர்கள் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கத்து ஆட்கள். பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஜனம், ஒடுக்கப்பட்ட ஜாதி. ஊரில் பண்ணையார் வீட்டு வாசலில் நிற்க முடியாதவர்கள். ஆயா சொல்வாள்: "அங்க இருந்தா மாட்டுக்கு முன்னாடி நிக்கணும். இங்க வந்தா பூமிக்குள்ள போவணும். பூமி இன்னா ஜாதின்னு கேக்காது." ஆயா இதைப் பெருமையாகத்தான் சொல்வாள். கங்காணி வேலை, சூப்பர்வைசர் வேலை எல்லாம் அப்போது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மாதம் முடிந்தால் கையில் காசு வந்தது. அது பெரிய விஷயம்.

பாலாறு இதில் எப்படி வருகிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். மைன்ஸுக்கு வேண்டிய தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் வந்தது. அந்த ஏரி பாலாற்றின் ஏரி. அங்கே தேங்கியது போக மிச்சம்தான் ஆந்திரா வழியாக வாணியம்பாடி, ஆம்பூர் என்று இறங்கிப் போகும். கொள்ளுத் தாத்தா ஆற்றின் கீழ்ப்பகுதியை விட்டு மேல்பகுதிக்கு வந்திருக்கிறார். ஆற்றில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை இல்லை என்று வந்தவர், அதே ஆற்றின் தண்ணீரை மைன்ஸ் குழாயில் பிடித்துக் குடித்தார்.

முதலில் அவர்களுக்குக் கிடைத்தது தட்டி வீடு. மூங்கில் தட்டியைச் சுற்றிக் கட்டி, மேலே எதையாவது போட்டு மூடினால் வீடு. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தத் தட்டி வீடுகள் ஆயாவுக்குக் கல்யாணம் ஆன காலத்திலும் இருந்தன. ஐரோப்பியர்களுக்கு வேறு மாதிரி. பெரிய பெரிய பங்களா, தோட்டம், கிளப், கால்ஃப் மைதானம். அந்தப் பக்கத்தைத்தான் குட்டி இங்கிலாந்து என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். வெயில் குறைவான, மரம் நிறைந்த இடம், உண்மைதான். ஆனால் ஊரில் பாதிக்கு மேல் இருந்தது லைன் வீடுகள். அங்கேயிருந்து பார்க்காமல் இந்த ஊரைப் பற்றி எழுதினால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

கரண்ட் கதையும் அப்படித்தான். காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, 92 மைல் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30 அன்று எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோவது அன்றைய உலகத்திலேயே பெரிய சாதனை. பெங்களூருக்குக் கரண்ட் வந்தது மூன்று வருஷம் கழித்து, 1905-ல். பெங்களூர் ஆட்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தக் கரண்ட் வந்தது பம்புக்கும், ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இழுக்கும் எஞ்சினுக்கும், கல் இடிக்கும் மில்லுக்கும். ஆயா மண்ணெண்ணெய் விளக்கில்தான் ஐந்து பிள்ளைகளையும் பெற்றாள். எங்கள் வீட்டுக்கு முதல் பல்பு வந்தபோது அப்பா பெரிய பையன்.

அப்பா 1963-ல், பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குள் ஜான் டெய்லர் கம்பெனி போய்விட்டது. 1956-ல் மைசூர் அரசு மைன்ஸை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது. ஊரில் யாரும் இந்தப் பெயர்களை எல்லாம் சொல்வதில்லை. எப்போதும் "மைன்ஸ்" தான். "மைன்ஸுக்குப் போயிருக்காரு", "மைன்ஸ் ஆஸ்பத்திரி", "மைன்ஸ் வீடு".

அப்பாவின் வேலை என்னவென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சுவர் கட்டுவது. தங்க ரேகையை வெட்டி எடுத்த பிறகு அந்த இடம் வெறும் பொந்தாக நிற்கும். அப்படியே விட்டால் மேலே உள்ளது அழுத்தி மூடும், ஏர்பிளாஸ்ட் வரும். ஆரம்ப காலத்தில் மரம் கொடுத்துத் தாங்கினார்கள். மரம் போதவில்லை. அதனால் பிற்காலத்தில் கருங்கல்லை மேலே உடைத்துச் செதுக்கி, கூண்டில் இறக்கி, அந்தப் பொந்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பூமிக்குள்ளிருந்து கல்லை மேலே கொண்டுவர ஒரு கூட்டம், மேலிருந்து கல்லைக் கீழே கொண்டுபோக இன்னொரு கூட்டம். அப்பா இந்த இரண்டாவது கூட்டம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே கூண்டில் அடிவரை போக முடியாது. பாதியில் இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து, இன்னொரு கூண்டில் ஏறவேண்டும். அடியில் பாறையைத் தொட்டால் கை பொசுங்கும், 65 டிகிரிக்கு மேல் சூடு. மேலே பெரிய இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினால்தான் ஆள் நிற்கவே முடியும். அரை டிராயரோடு வேலை செய்வார்கள்.

அப்பாவின் கை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரல் நுனிகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கல்லைத் தடவித் தடவி ரேகையே போய்விட்டது. ரேஷன் கடையில் கைநாட்டு மெஷின் வந்தபோது, எத்தனை தடவை விரலை வைத்தாலும் அது அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர். கடையில் எல்லோர் முன்னாலும் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரு விஷயம் சொன்னார். 1930-ல் இதே ஊரில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தது கைரேகை எடுப்பதை எதிர்த்துத்தானாம். தொழிலாளிகள் எல்லோர் கைரேகையையும் பதிந்து வைக்க கம்பெனி முயன்றபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஆயிரக்கணக்கில் வெளியே வந்திருக்கிறார்கள். "எங்கப்பன் ரேகையைக் குடுக்க மாட்டேன்னான். என்கிட்ட குடுக்க ரேகையே இல்ல" என்றார்.

அவருடைய அப்பா, என் தாத்தா, படிக்கக் கற்றதும் இந்த ஊரில்தான். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் 1907-லேயே கிளை தொடங்கிவிட்டது. பூமிக்குள் இறங்கிக் கல் உடைத்தவர்கள், மேலே வந்து குளித்துவிட்டு உட்கார்ந்து அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை படித்திருக்கிறார்கள், சந்தா அனுப்பியிருக்கிறார்கள், கேள்வி எழுதிப் போட்டிருக்கிறார்கள். பண்டிதர் 1914-ல் காலமான பிறகு அந்தப் பத்திரிகை நின்றுபோய், 1926-ல் மறுபடியும் எங்கள் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து வெளிவந்தது. பண்டிதரின் புத்தகங்களை மாரிகுப்பத்துச் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் கொடுத்தது. இன்றைக்கு அயோத்திதாசரைப் பற்றி எத்தனையோ ஆராய்ச்சிகள் வருகின்றன. அந்த எழுத்து அழியாமல் கைக்குக் கைமாறி வந்ததில் எங்கள் ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகளின் கூலிக்காசு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு ஆசிரியராவது இதைச் சொல்லித் தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

தாத்தா லைன் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாராம். படிக்கத் தெரியாத ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் யாராவது இருமினால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாராம், ஒரு வார்த்தையும் யாரும் தவறவிடக் கூடாது என்று. 1946-ல் பெரிய போராட்டம் நடந்தது. கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சங்கத்தை நடத்திய காலம். நவம்பர் 4-ம் தேதி போலீஸ் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியில் நினைவுச் சின்னத்துக்கு மாலை போடுகிறார்கள். 1954-ல் அம்பேத்கர் இங்கே வந்தார். ஆயா கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள். என்ன பேசினார் என்று கேட்டால், "இங்கிலீஷ்ல பேசினாரு. எனக்கு இன்னா தெரியும்? ஆனா கோட்டு போட்டுக்கினு நின்னாரு பாரு" என்று சொல்லிவிட்டு, அவர் நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்று காட்டுவாள்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர்கள், பம்பாயிலிருந்து படித்தவர்கள் என்று சிலர் கூண்டில் இறங்கிப் போனார்கள். என்னமோ பெட்டிகளும் குழாய்களும் இரும்புத் தகடுகளுமாக இறங்கியது. தங்கத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் என்று ஊரில் பேச்சு. அவர்கள் தேடியது நியூட்ரினோ என்ற துகளை. வானத்திலிருந்து வரும் மற்ற கதிர்களை எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்கு மேலான பாறை தடுத்துவிடும், இது மட்டும் பாறையைத் துளைத்துக்கொண்டு வரும். டாடா ஆராய்ச்சி நிலையம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1965-ல் இங்கே அதைப் பதிவு செய்தன. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் எங்கள் சாம்பியன் ரீஃப் ஒன்று. எனக்கு இது கல்லூரியில்தான் தெரிந்தது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அந்த ரூமுக்குப் போற வழியில சுவர் நாங்க கட்டினது" என்றார்.

சரி, சொம்புக்கு வருகிறேன்.

எனக்கு ஏழு வயது. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பெரியப்பா செகண்ட் ஷிப்டில் உள்ளே. அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். சொம்பு ஆடவில்லை, பலகையிலிருந்து கீழே விழுந்தது. தட்டுகளும் சேர்ந்து விழுந்தன. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பெரியம்மா செருப்புப் போடாமல் வாசலைத் தாண்டிவிட்டாள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். லைன் முழுக்கப் பெண்கள். யாரும் கத்தவில்லை, அழவில்லை. எல்லோரும் வேகமாக நடந்து ஷாஃப்ட் கேட்டுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் நின்றார்கள். மேலே அந்தப் பெரிய சக்கரம் சுற்றுகிறதா என்று எல்லோர் கண்ணும் அங்கேதான். சக்கரம் சுற்றினால் கூண்டு வருகிறது என்று அர்த்தம். கூண்டு வரும், சிலர் இறங்குவார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒன்றும் பேசாமல் கூட்டிப் போவார்கள். மிச்சப் பேர் மறுபடியும் சக்கரத்தைப் பார்ப்பார்கள். நான் அம்மா தோளில் தூங்கிவிட்டேன். விழித்தபோதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.

பெரியப்பாவை மறுநாள் காலையில் கொண்டுவந்தார்கள். இடது கால் முறிந்திருந்தது. அவர் கேங்கில் இரண்டு பேர் வரவில்லை. அவருடைய டிபன் டப்பாவை யாரோ பெரியம்மா கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் அப்படியே இருந்தன, சாப்பிடவில்லை. மூடியின் உள்விளிம்பு சுற்றிலும் மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் கல்தூசி. மூடின டப்பாவுக்குள் அது எப்படிப் போனது என்று எனக்குப் புரியவில்லை. பெரியம்மா அந்தத் தூசியை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆயா கீழே கிடந்த சொம்பை எடுத்துத் துடைத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். அடியில் ஒரு துணியை மடித்து வைத்தால் ஆடாதே ஆயா என்று நான் ஒருமுறை சொன்னேன். "ஆடணும்டி" என்றாள். அந்த நசுங்கல்கூட, அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஏர்பிளாஸ்ட்டில் விழுந்து வந்ததுதான். குடியாத்தத்திலிருந்து சீராகக் கொண்டுவந்த சொம்பு.

தூசியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை வெளியே கொட்டுவார்கள். கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. ஊரைச் சுற்றி அப்படி 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. நாங்கள் சயனைடு மலை என்போம். புல் முளைப்பது அபூர்வம். மழை வழிந்து வழிந்து பள்ளம் பள்ளமாக, பார்க்க யானைத் தோல் மாதிரி இருக்கும். சின்ன வயதில் தகரத்தில் உட்கார்ந்து மேலிருந்து சறுக்கியிருக்கிறோம். ஆடி மாதக் காற்றில் அந்த மலை எழுந்து ஊருக்குள் வந்துவிடும். காயப்போட்ட துணி, தண்ணீர்க் குடம், கண் இமை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். மேலே இந்தத் தூசி என்றால், கீழே துளை போடும்போது பறக்கும் கல்தூசி வேறு. அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. சிலிகோசிஸ். எங்கள் லைனில் விடியற்காலையில் கோழி கூவுவதற்கு முன்னால் இருமல் கேட்கும். எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று படுத்தபடியே சொல்லிவிடலாம். அப்பாவின் இருமல் இரண்டு சின்னது, ஒரு நீளம். அவர் போன பிறகும் சில நாள் விடியலில் என் காது அந்த நீளத்துக்காகக் காத்திருந்தது.

ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடத்தில், கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராம்தான் கிடைத்தது. அதை எடுக்க ஆகும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. 120 வருஷத்தில் 800 டன் தங்கம் கொடுத்த மைன்ஸை 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடினார்கள். நஷ்டம் என்று கணக்கு சொன்னார்கள். நான் கணக்கு வேலை பார்க்கிறவள், அந்தக் கூட்டல் கழித்தல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் 800 டன்னை ஒரு பக்கமும், எங்கள் ஜனத்தின் நுரையீரலை இன்னொரு பக்கமும் யாரும் எழுதவில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மூடின மறுநாள் ஷிப்ட் சங்கு ஊதவில்லை. ஊரில் கடிகாரம் இல்லாத வீடுகளுக்கும் அந்தச் சங்குதான் மணி. அன்று அம்மா எங்களுக்குச் சாப்பாடு போட மறந்துவிட்டாள்.

அப்புறம் ஊர் ரயிலைப் பிடித்துக்கொண்டது. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வண்டியில் ஆயிரக்கணக்கான பேர் பெங்களூருக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, கார்மென்ட்ஸ், ஐ.டி. கம்பெனி, ஹவுஸ் கீப்பிங் எல்லாமும். நானும் பதினெட்டு வருஷம் போய் வந்தேன். அம்மா மூன்றரைக்கு எழுந்து அப்பாவுக்குக் கட்டிய அதே டிபன் டப்பாவில் எனக்குக் கட்டிக் கொடுப்பாள். வண்டியில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவோம். பங்காருப்பேட்டை தாண்டும்போதுதான் விடியும்.

மைன்ஸை மூடியதோடு பம்புகளும் நின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலாகக் கீழே ஓடும் பாதைகளில் தண்ணீர் ஊறி, மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது. ஏறின தண்ணீர் பழைய பொந்துகளிலும் விரிசல்களிலும் புகுந்தபோது பாறை மறுபடியும் அசைந்தது. உள்ளே ஒரு மனிதன்கூட இல்லாத சுரங்கத்தில் ஏர்பிளாஸ்ட்.

மூடி நாலைந்து வருஷம் இருக்கும். ராத்திரி இரண்டு மணி. டக டக டக டக. நான் எழுந்து பார்த்தபோது அம்மா ஏற்கெனவே எழுந்து விளக்கைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, ஷிப்ட் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. அப்பா படுக்கையிலிருந்தே சொன்னார்: "யாரும் இல்லம்மா உள்ள. தண்ணிதான்."

"தெரியும்" என்றாள் அம்மா. இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். லைன் முழுக்க வாசலுக்கு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண், நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள். எதிர் வீட்டு அத்தை கேட்டாள்: "உங்க வீட்ல எல்லாரும் கீறாங்களா?"

"கீறாங்க" என்றாள் அம்மா. "உங்க வீட்ல?"